ஒரு லீஜியனைத் திரட்டுவது எப்படி: ரோமக் குடியரசின் உழவர் படை, படிப்படியாக

கி.மு. 200 வாக்கில் ரோமுக்கு நிரந்தரப் படை கிடையாது. மார்ச் 15ஆம் நாள் கன்சல்கள், அதாவது ஓராண்டுக்கு ஆட்சியையும் படையையும் நடத்தும் தலைவர்கள், இருவர் புதிதாகப் பதவியேற்பார்கள். அந்த ஆண்டுக்கு எத்தனை லீஜியன், அதாவது நாலாயிரத்துக்கு மேல் ஆட்கள் கொண்ட படைப்பிரிவு, வேண்டும் என்று மூத்தோர் அவையான செனட் முடிவு செய்யும். அதன்பின் களத்துமேட்டில் நிற்கும் ஆட்களை அழைத்து, வரிசையில் நிறுத்தி, சில வாரங்களில் போருக்குக் கூட்டிச்செல்ல வேண்டும். அடுத்த ஆண்டு தளபதியும் மாறலாம், கீழே இருக்கிற ஆட்களும் மாறலாம். மாறாமல் இருப்பது முறை மட்டும்தான். இங்கே வரும் விதிகள் பலவும் அளவுக்கு மீறிய கெடுபிடியாகத் தெரியும். ஆண்டுதோறும் ஆள் மாறும் படை என்பதை நினைவில் வைத்தால் அவற்றின் காரணம் விளங்கும்.

இது ரோம வரலாற்றைப் படிக்கத் தொடங்கியவர்களுக்கும், அந்தக் காலத்தை வைத்துக் கதை எழுதவோ போர் விளையாட்டு அமைக்கவோ நினைப்பவர்களுக்கும். உங்களைப் புதிதாக நியமிக்கப்பட்ட ஒரு டிரிபியூனாக, அதாவது கன்சலுக்கு அடுத்த நிலைப் படை அதிகாரியாக, வைத்துக்கொள்ளுங்கள். எண்களில் பெரும்பகுதி, ரோமில் பிணையாளியாக வாழ்ந்த கிரேக்கர் பொலிபியஸ் பதிந்துவைத்தவை. ஒரு எச்சரிக்கை: திரைப்படங்களில் வரும் பட்டை பட்டையான இரும்புக் கவசத்தை மறந்துவிடுங்கள். அது இரண்டு நூற்றாண்டுக்குப் பிந்தைய சம்பளப் படையின் உடுப்பு.

யாரை அழைக்கலாம்

பட்டியல் ஏற்கெனவே தயார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை சென்சர்கள் குடிமக்களையும் அவர்கள் சொத்தையும் கணக்கெடுத்து, 35 டிரைபுகளாகப் பிரித்து எழுதிவைத்திருப்பார்கள். டிரைபு என்பது இங்கே குலமல்ல, பதிவுத் தொகுதி. 17 முதல் 46 வயதுக்குள் இருப்பவர்கள் படைக்கு உரியவர்கள். சொத்து மதிப்பு 400 டிராக்மாவுக்கு (பொலிபியஸ் கணக்கிடும் கிரேக்க வெள்ளி நாணயம்) கீழே இருந்தால் அவர் தரைப்படைக்கு வரமாட்டார், கடற்படைக்கு அனுப்பப்படுவார். ஆயுதத்தை அவரவரே கொண்டுவர வேண்டும் என்பது இதற்கு ஒரு காரணம். இழக்க ஒரு துண்டு நிலமாவது உள்ளவன்தான் ஊருக்காக நிற்பான் என்ற எண்ணம் இன்னொன்று.

காலாட்படை வீரன் 46 வயதுக்குள் 16 முறை படையெடுப்புக்குப் போகக் கடமைப்பட்டவன்; நெருக்கடியில் 20. குதிரைப்படைக்கு 10. பத்து முறை போகாத எவனும் அரசியல் பதவிக்கு நிற்க முடியாது. அதனால் பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் ஒதுங்கிக்கொள்ள வழியில்லை.

நால்வர் நால்வராகப் பொறுக்குங்கள்

வழக்கமான ஆண்டில் நான்கு லீஜியன், ஒவ்வொரு கன்சலுக்கும் இரண்டு. டிரிபியூன்கள் 24 பேர். அவர்களில் 14 பேர் ஐந்தாண்டுப் பணி முடித்தவர்கள், 10 பேர் பத்தாண்டு முடித்தவர்கள். லீஜியனுக்கு ஆறு பேர் வீதம் இளையவரும் மூத்தவரும் கலந்து பிரிக்கப்படுவார்கள்.

குறித்த நாளில் எல்லோரும் கேபிடல் குன்றில் கூட வேண்டும். எந்த டிரைபு முதலில் என்பதற்குச் சீட்டு எடுங்கள். அந்த டிரைபிலிருந்து வயதிலும் உடற்கட்டிலும் ஏறத்தாழ ஒத்த நான்கு பேரை முன்னே நிறுத்துங்கள். முதல் லீஜியனின் டிரிபியூன்கள் ஒருவரை எடுப்பார்கள், பிறகு இரண்டாவது, மூன்றாவது. கடைசியாக மிஞ்சியவர் நான்காவது லீஜியனுக்கு. அடுத்த நால்வர் வரும்போது முதல் உரிமை இரண்டாம் லீஜியனுக்கு. முதல் லீஜியன் கடைசியில் நிற்கும். இப்படியே சுற்று மாறிக்கொண்டே போகும்.

சின்னப் பையன்கள் தெருவில் இரண்டு அணி பிரிப்பது போலத்தான் இது. ஆனால் பலன் பெரிது. நல்ல ஆட்கள் ஒரே லீஜியனில் குவியமாட்டார்கள். ஒரே ஊர்க்காரர்களும் நான்கு லீஜியனிலும் சிதறுவார்கள். ஒரு லீஜியன் அழிந்தாலும் ஓர் ஊர் முழுதாகக் காலியாகாது.

ஒரு லீஜியனுக்கு 4,200 காலாட்கள், ஆபத்தான ஆண்டில் 5,000. அதோடு 300 குதிரை வீரர்கள். இவர்களைச் சொத்து பார்த்து சென்சர் முன்கூட்டியே குறித்திருப்பார். அதே நேரத்தில் இத்தாலிய நட்பு நகரங்களுக்கும் ஆள் போகும்: எத்தனை பேர், எந்த நாளில், எங்கே என்று. காலாட்கள் ஏறத்தாழ ரோமர்கள் அளவு, குதிரை மும்மடங்கு. ரோமப் படை என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் ரோமர்கள் அல்லாதவர்கள் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

உறுதிமொழி, பிறகு தரம் பிரித்தல்

ஆயிரக்கணக்கானவர்களை ஒரே குரலில் சத்தியம் செய்யவைத்தால் வாயை மட்டும் அசைப்பவன் தப்பித்துக்கொள்வான். அதனால் ஒருவரை முன்னே அழைத்து முழு உறுதிமொழியையும் சொல்லவைப்பார்கள்: அதிகாரிகளுக்குக் கீழ்ப்படிவேன், முடிந்தவரை ஆணையை நிறைவேற்றுவேன் என்று. பிறகு ஒவ்வொருவராக முன்வந்து ‘அவர் சொன்னதே நானும்’ என்று சொல்லிப் போக வேண்டும். நேரமும் மிச்சம், யாரும் கூட்டத்தில் ஒளியவும் முடியாது.

ஆயுதம் இல்லாமல் இன்ன நாள் இன்ன இடத்துக்கு வாருங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் பிரிவு நடக்கும். மிக இளையவர்களும் மிக ஏழைகளும் வெலிதெஸ், 1,200 பேர். அடுத்த வயதினர் ஹஸ்தாத்தி, 1,200. உடல் முறுக்கேறிய பருவத்தினர் பிரின்கிபெஸ், 1,200. மூத்தவர்கள் திரியாரி, 600. லீஜியனைப் பெருக்கினால் மற்ற மூன்றும் கூடும். திரியாரி மட்டும் 600தான். மறுபடி வீட்டுக்கு அனுப்பி, இப்போது ஆயுதத்தோடு வரச் சொல்லுங்கள். ஆள் கையில் ஆயுதம் வரும்முன் தன் இடம் எது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

எதைக் கொண்டுவர வேண்டும்

வெலிதெஸ் வீரனுக்கு வாள், எறியீட்டிகள், மூன்றடி விட்டமுள்ள வட்டக் கேடயம். அவன் எறியீட்டியின் முனையை ஒரு சாண் நீளத்துக்கு மெல்லியதாக அடித்திருப்பார்கள். முதல் தாக்கிலேயே வளைந்துவிடும். எதிரி எடுத்துத் திருப்பி வீச முடியாது. தலைக்கவசத்தின்மேல் ஓநாய்த்தோல் போர்த்தியிருப்பான். குளிருக்காக அல்ல, யார் துணிந்து முன்னே போகிறான் என்று அதிகாரி தூரத்திலிருந்தே அடையாளம் காண.

மற்ற மூன்று பிரிவுக்கும் நீள்கேடயம். இரண்டரை அடி அகலம், நாலடி உயரம். மரப்பலகை இரண்டு அடுக்கு பசையால் ஒட்டி, மேலே துணி, அதன்மேல் கன்றுத்தோல். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் இரும்புப் பட்டை, நடுவில் இரும்புக் குமிழ். கீழ்ப்பட்டையை மறந்தால் தரையில் ஊன்றி ஊன்றியே மரம் சிதைந்துபோகும். வலது இடுப்பில் ஸ்பானிய வாள். குத்தவும் வெட்டவும் இரண்டுக்கும் ஆகும். ஹஸ்தாத்திக்கும் பிரின்கிபெஸுக்கும் பிலம் என்ற கனமான எறியீட்டி இரண்டு. திரியாரி கையில் மட்டும் குத்தீட்டி. மார்பில் ஒரு சாண் சதுர வெண்கலத் தகடு. 10,000 டிராக்மாவுக்கு மேல் சொத்துள்ளவன் சங்கிலிக் கவசம் போடுவான்.

தலைக்கவசத்தில் ஒரு முழ உயரத்துக்கு மூன்று இறகுகள். ஆளை நெட்டையாகக் காட்டும். வேறு பயன் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் 20 வயதுப் பையனுக்கு அது கொஞ்சம் தைரியம் தந்திருக்கும்.

செஞ்சூரியனில் தவறினால் எல்லாம் தவறும்

வெலிதெஸ் தவிர்த்த மூன்று பிரிவும் பத்துப் பத்து மானிபிளாக, அதாவது சிறு அணியாக, பிரியும். ஹஸ்தாத்தி, பிரின்கிபெஸ் மானிபிளில் 120 பேர், திரியாரியில் 60. வெலிதெஸை எல்லா மானிபிளுக்கும் சமமாகப் பங்கிடுங்கள். ஒவ்வொரு மானிபிளுக்கும் இரண்டு செஞ்சூரியன்கள். லீஜியனுக்கு 60 பேர். முதலில் தேர்வானவர் வலப்பாதியையும் அடுத்தவர் இடப்பாதியையும் நடத்துவார்கள். ஒருவர் விழுந்தால் மற்றவர் முழுவதையும் எடுத்துக்கொள்வார். ஏன் இரண்டு பேர் என்ற கேள்விக்கு அதுவே பதில்: மானிபிள் ஒரு கணமும் தலையில்லாமல் நிற்கக் கூடாது. ஒவ்வொரு செஞ்சூரியனும் வரிசையின் பின்னால் நிற்க ஓர் உதவியாளரைத் தானே தேர்ந்துகொள்வார். கொடி பிடிக்க இரண்டு பேர்.

யாரைச் செஞ்சூரியனாக்குவது? புதியவர்கள் செய்யும் தவறு, முதலில் பாய்ந்து ஓடுகிறவனைப் பிடித்துப் பதவி கொடுப்பது. ரோமர்கள் தேடியது வேறு ஆளை: தானாகச் சண்டையைத் தொடங்காதவன், ஆனால் வரிசை நொறுங்கும்போது தன் இடத்தை விடாமல் அங்கேயே சாகத் தயாரானவன். பாய்கிறவன் தன்னோடு அறுபது பேரையும் இழுத்துக்கொண்டு போய்விடுவான், வரிசையில் ஓட்டை விழும்.

பயிற்சி: ஐந்து நாள் சுழற்சி

கி.மு. 209இல் ஸ்பெயினின் புதிய கார்த்தேஜ் நகரைப் பிடித்த பிறகு ரோமத் தளபதி சிபியோ வகுத்த அட்டவணை அப்படியே எடுத்தாளத்தக்கது. முதல் நாள் முழு ஆயுதத்தோடு 30 ஸ்டேடியம் ஓட்டம், நம் கணக்கில் சுமார் ஐந்தரை கிலோமீட்டர். இரண்டாம் நாள் எல்லோர் கண்ணெதிரிலும் ஆயுதத்தைத் துடைத்து, பழுது பார்த்து, சோதித்தல். மூன்றாம் நாள் ஓய்வு. நான்காம் நாள் தோலுறை போட்டு முனையில் குமிழ் வைத்த மரவாளால் சண்டைப் பயிற்சி. ஒரு பகுதியினர் குமிழ் வைத்த எறியீட்டி வீசுவார்கள். ஐந்தாம் நாள் மறுபடி ஓட்டம்.

ஓய்வு நாளைத் தூக்கிவிடலாமே என்று தோன்றும். தூக்காதீர்கள். முந்தின நாள் கேடயம் உரசி உரிந்த தோளோடு மரவாளைப் பிடிப்பவன் அன்றைக்கு ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டான்.

கெட்டுப்போன படையைக் கையில் வாங்கியிருந்தால் வழி வேறு. கி.மு. 134இல் ஸ்பெயினின் நுமாந்தியா நகரை எதிர்த்துப் போரிட வந்த இளைய சிபியோ (முன்னே சொன்னவர் அல்ல) முதலில் வியாபாரிகள், பாலியல் தொழிலாளர்கள், குறிசொல்பவர்கள் எல்லோரையும் முகாமிலிருந்து வெளியேற்றினார். தேவைக்கு மிஞ்சிய வண்டிகளையும் பொதிமாடுகளையும் விற்கச் சொன்னார். ஒரு வாட்டுக்கம்பி, ஒரு பானை, ஒரு குவளைக்கு மேல் சமையல் சாமான் கூடாது. கட்டிலுக்குத் தடை, தானே முதலில் வைக்கோலில் படுத்தார். பிறகு நாள்தோறும் முகாம் அமைப்பதும் இடிப்பதும், அகழி தோண்டுவதும் மூடுவதும். வசதியைப் பறித்த கையோடு தானும் தரையில் படுக்காத தளபதியின் ஆணை மூன்று நாளில் நீர்த்துப்போகும்.

சோறு

கணக்கு எளிது, ஆனால் பயமுறுத்தும். காலாளுக்கு மாதம் மூன்றில் இரண்டு பங்கு மெடிம்னஸ் கோதுமை. சுமார் 35 லிட்டர், எடையில் 26 கிலோ அளவு. இரண்டு லீஜியனின் 8,400 பேருக்கு மாதம் ஏறத்தாழ 218 டன். நட்புப் படைக்கும் அதே பங்கு என்பதால் இருமடங்காக்குங்கள். குதிரை வீரனுக்கு மாதம் 7 மெடிம்னஸ் பார்லி, 2 மெடிம்னஸ் கோதுமை. குதிரைகளும் பணியாளும் இதில் அடக்கம்.

கூலி காலாளுக்கு நாளொன்றுக்கு 2 ஒபோல், செஞ்சூரியனுக்கு அதுபோல் இரண்டு மடங்கு, குதிரை வீரனுக்கு 1 டிராக்மா, அதாவது 6 ஒபோல். கோதுமைக்கும் துணிக்கும் புதிதாக வாங்கும் ஆயுதத்துக்கும் ரோமக் குடிமகன் கூலியில் பிடித்தம் உண்டு. நட்புப் படைக்குத் தானியம் இலவசம். கையில் மிஞ்சுவது சொற்பம். இது சம்பளம் அல்ல, நிலத்தை விட்டுவந்தவனைத் தாங்கிப்பிடிக்கும் படிக்காசு.

முகாம்: தினமும் அதே நகரம்

ரோமர் முறையின் உயிர் இங்கேதான் என்பது எங்கள் கருத்து. நடை முடியும் நேரத்தில் ஒரு டிரிபியூனும் சில செஞ்சூரியன்களும் முன்னே போய் இடம் பார்ப்பார்கள். நாலாபுறமும் தெரியும் இடத்தில் கன்சலின் கூடாரத்துக்கு வெள்ளைக் கொடி. அதைச் சுற்றி நாலு பக்கமும் நூறடி தள்ளி ஒரு சதுரம். சதுரத்தின் ஒரு பக்கத்திலிருந்து ஐம்பதடியில் டிரிபியூன்களின் கூடார வரிசை. அதற்கு முன்னே நூறடித் தெரு. அதைத் தாண்டி லீஜியன்களின் கூடாரங்கள், இடையிடையே ஐம்பதடித் தெருக்கள். டிரிபியூன்களின் வரிசைக்கும் லீஜியன்களின் எல்லைக்கும் சிவப்புக் கொடிகள்.

கூடாரங்களுக்கும் மதிலுக்கும் இடையே எல்லாப் பக்கமும் 200 அடி வெற்றிடம் விடுங்கள். இடம் வீணாகிறதே என்று குறைக்காதீர்கள். படை வெளியேறும்போது முட்டிக்கொள்ளாமல் இருக்க, பிடித்துவந்த மாடுகளை இரவில் கட்ட, எதிரி வீசும் ஈட்டியும் தீயும் கூடாரத்தில் விழாமல் இருக்க அந்த வெளி வேண்டும்.

மைல்கணக்கில் நடந்துவந்த களைப்பில் ஒவ்வொருவனும் வீட்டுத் திண்ணைக்குப் போவதுபோல் தன் இடத்துக்குப் போவான். யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கிரேக்கர்கள் நிலத்தின் வாகு பார்த்து முகாம் அமைத்து அகழி வெட்டும் உழைப்பை மிச்சம் பிடித்தார்கள். விலை: தினமும் புதிய வடிவம், தினமும் குழப்பம்.

அகழியும் மதிலும் நான்கு பக்கம்: இரண்டு நட்புப் படைக்கு, இரண்டு லீஜியனுக்கு ஒவ்வொன்று. ஒரு பக்கத்தை மானிபிள்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுங்கள். செஞ்சூரியன் பக்கத்தில் நிற்பார், முழுப் பக்கத்தையும் இரண்டு டிரிபியூன்கள் பார்ப்பார்கள். வேலிக்கம்பு தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். கிளை நிறைந்த தடித்த கம்பை இரண்டு மூன்று பேர் சேர்ந்து பிடுங்கினால் வாசல் அளவுக்கு ஓட்டை விழும். ரோமர்கள் இரண்டு மூன்று கவைகள் மட்டும் உள்ள மெல்லிய கம்பை எடுத்து ஒன்றோடொன்று பின்னி நடுவார்கள். எது எந்தக் கம்பின் கிளை என்று பிடுங்குகிறவனுக்குப் புரியாது; ஒன்று வந்தாலும் மற்றவை விடாது. நடக்கும்போது தூக்கிச் செல்லவும் இலகு, கேடயத்தைத் தோல்வாரால் தோளில் தொங்கவிட்டுக்கொள்ளலாம்.

இரவுக் காவல்

பொழுது சாயும்போது அடையாளச் சொல் எழுதிய மரச்சீட்டு டிரிபியூன் கூடாரத்திலிருந்து புறப்படும். தெருவின் கடைக்கோடியில் உள்ள பத்தாவது மானிபிளின் ஆள் வந்து வாங்கிப் போவார். சாட்சி வைத்து ஒன்பதாவதுக்குக் கொடுப்பார், அது எட்டாவதுக்கு. இருட்டுமுன் முதல் மானிபிள் வழியே சீட்டு உங்களிடம் திரும்பிவிட வேண்டும். வந்துவிட்டால் எல்லோருக்கும் சொல் போய்ச்சேர்ந்தது. வரவில்லையென்றால் சீட்டின் குறியைப் பார்த்து எந்த வரிசையில் நின்றது என்று கண்டுபிடிக்கலாம்.

இரவு நான்கு சாமம். ஒவ்வொரு காவலனிடமும் குறியிட்ட ஒரு சிறு சீட்டு. குதிரை வீரர்கள் சுற்றிவந்து, விழித்திருப்பவனிடம் அதை வாங்கிக்கொள்வார்கள். காவலன் தூங்கினால் அவனை எழுப்ப மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். விடிந்ததும் சீட்டுகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தக் காவலனும் சுற்றிவந்தவனும் நேருக்கு நேர். சாட்சி இருந்தால் காவலன் குற்றவாளி. சாட்சி வைக்காமல் விட்டிருந்தால் குற்றம் சுற்றிவந்தவன் தலையில். அவன் சுற்றிவராமலே ‘தூங்கிக்கொண்டிருந்தான்’ என்று புளுகவும் முடியாது, நண்பனைக் காப்பாற்றவும் முடியாது. காகிதமோ கடிகாரமோ இல்லாத காலத்து ஏற்பாடு இது.

தண்டனை கொடியது. டிரிபியூன் தடியால் லேசாகத் தொடுவார். உடனே முகாமே தடியாலும் கல்லாலும் அடிக்கும். பிழைத்தவனும் ஊர் திரும்ப முடியாது, உறவுகள் சேர்த்துக்கொள்ளத் துணிய மாட்டார்கள். ஒரு கூட்டமே ஓடியிருந்தால் சீட்டுப் போட்டுப் பத்தில் ஒருவருக்கு இந்தத் தண்டனை. மீதிப்பேருக்குக் கோதுமைக்குப் பதில் பார்லி, மதிலுக்கு வெளியே கூடாரம்.

பரிசை எதற்குக் கொடுப்பது

சக குடிமகன் உயிரைக் காத்தவனுக்கு இலைக் கிரீடம். அதைச் சூட்டுவது காப்பாற்றப்பட்டவனே. அவன் ஆயுள் முழுதும் காத்தவனைத் தகப்பன்போல் மதிக்க வேண்டும். எதிரி மதிலில் முதலில் ஏறியவனுக்குப் பொற்கிரீடம். செய்யாததைச் செய்ததாகச் சொல்லிப் பரிசு கேட்பது குற்றம்.

அளவுகோல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு கி.மு. 214ஐப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு முன் கன்னே போரில் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலிடம் இழந்த ஆட்களை ஈடுகட்ட ரோம் 8,000 அடிமைகளை விலைக்கு வாங்கிப் படையில் சேர்த்திருந்தது. பெனவெந்தும் அருகே அவர்களை நடத்திய தளபதி கிராக்கஸ், எதிரியின் தலையைக் கொண்டுவருபவனுக்கு விடுதலை என்று அறிவித்தார். சண்டை தொடங்கியதும் வலிமையானவர்கள் கூட்ட நெரிசலில் நின்று தலை அறுப்பதில் நேரம் கழித்தார்கள். அறுத்த பிறகு வலக்கையில் தலை, வாளுக்குக் கை இல்லை. சண்டை கோழைகள் கைக்குப் போய்விட்டது. டிரிபியூன்கள் ஓடிவந்து சொன்ன பிறகு, ‘தலைகளைக் கீழே போடுங்கள், எதிரி ஓடினால் எல்லோருக்கும் விடுதலை’ என்று ஆணையை மாற்றினார். அன்றைக்கே வென்றார்கள்.

களத்தில்

மூன்று வரிசை, மானிபிள்களுக்கு இடையே இடைவெளி. பின்வரிசை மானிபிள் முன்வரிசை இடைவெளிக்கு நேரே நிற்கும், செங்கல் கட்டுமானம்போல. வெலிதெஸ் முன்னே போய் ஈட்டி வீசிவிட்டு இடைவெளி வழியே பின்வாங்குவார்கள். ஹஸ்தாத்தி பிலம் வீசி வாளோடு நெருங்குவார்கள். அவர்கள் சோர்ந்தால் பின்வாங்கி பிரின்கிபெஸை முன்னே விடுவார்கள். திரியாரி கேடயத்தைச் சாய்த்து ஒரு முழங்காலில் காத்திருப்பார்கள். ‘விஷயம் திரியாரிவரை வந்துவிட்டது’ என்றால் லத்தீனில் தலைக்குமேல் வெள்ளம் போனதாகப் பொருள்.

வாள் வீச ஆளுக்கு ஆறடி இடம் வேண்டும். கிரேக்க ஈட்டிக்காரனுக்கு மூன்றடி போதும். இந்த இடத்தைத் திருடினால் கன்னே. கி.மு. 216இல் ரோமர் பக்கம் 80,000 காலாட்கள், ஹன்னிபால் பக்கம் 40,000. கன்சல் வாரோ மானிபிள்களை நெருக்கி, அகலத்தைவிட ஆழத்தைப் பலமடங்கு ஆக்கினார். நடுவில் தள்ளிக்கொண்டே போன கூட்டம் இருபக்கமும் சூழப்பட்டபோது, உள்ளே இருந்தவர்களுக்குக் கை தூக்க இடமில்லை. கன்சல்கள் இருவரும் ஒருநாள் விட்டு ஒருநாள் தலைமை ஏற்ற ஏற்பாடும் அன்று வினையாயிற்று. ஒருவர் தவிர்த்த சண்டையை மற்றவர் தன் முறை வந்ததும் தொடங்கினார்.

எப்போது வீட்டுக்கு அனுப்புவது

இந்த முறை, கோடையில் போய் அறுவடைக்காலம் ஒன்றிரண்டைத் தவறவிட்டுத் திரும்பும் உழவனுக்காக உருவானது. ஸ்பெயின் போன்ற தொலைநாட்டுப் போர்கள் அவனை ஆண்டுக்கணக்கில் பிடித்துவைத்தன. கி.மு. 171இல், முதல்நிலைச் செஞ்சூரியன்களாக இருந்த 23 பேர், பழைய பதவிக்குக் கீழே தங்களைச் சேர்ப்பதை எதிர்த்து முறையிட்டார்கள். அப்போது எழுந்து பேசிய ஸ்பூரியஸ் லிகுஸ்தினுஸ் ஐம்பது வயது தாண்டியவர். 22 ஆண்டுப் பணி, ஆறு இலைக் கிரீடங்கள். ஊரில் அவருக்கு இருந்தது தகப்பன் விட்டுப்போன ஒரு யூகெரம், கால் ஹெக்டேர். எந்த இடத்தில் வைத்தாலும் நிற்கிறேன் என்றார். மற்றவர்களும் வழக்கைக் கைவிட்டார்கள்.

எல்லோரும் லிகுஸ்தினுஸ் அல்ல. இருபதே ஆண்டுகளில், கி.மு. 151இல், ஸ்பெயினுக்கு ஆள் எடுப்பதில் வெடித்த தகராறில் மக்கள் டிரிபியூன்கள் (படை டிரிபியூன்கள் அல்ல, பொதுமக்களின் உரிமையைக் காக்கும் அதிகாரிகள்) கன்சல்களையே சிறையில் அடைத்தார்கள். அந்த ஆண்டு நால்வர் நால்வராகப் பொறுக்கும் முறை போய், சீட்டுக் குலுக்கி ஆளெடுத்தார்கள். கி.மு. 107இல் கன்சல் மரியஸ் சொத்து வரம்பைப் பார்க்காமல், வர விரும்பிய ஏழைகளைச் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்குப் போர் முடிந்தபின் திரும்பிப்போக நிலம் இல்லை. அதை வாங்கித்தர வேண்டிய பொறுப்பு, சண்டைக்குக் கூட்டிப்போன தளபதியிடம் வந்துசேர்ந்தது.